உட்காராத பெண்கள்

சொர்ணலதா எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முதலில் சொல்வது "உக்காருங்க" என்பதுதான். சொல்லிவிட்டு வேறு பேச்செடுக்க மாட்டாள். வந்தவள் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறாளா, நுனியில் ஒட்டிக்கொள்கிறாளா, "இருக்கட்டும்மா, நிக்கிறேன்" என்கிறாளா என்று பார்த்தபடி இருப்பாள்.

அக்காவின் இந்தப் பழக்கத்தைத் தங்கை மாரீஸ்வரி பல வருடங்களாகக் கவனித்திருக்கிறாள். அதன் காரணமும் அவளுக்குத் தெரியும். தீட்டு நாளில் அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் உட்காரக் கூடாது என்று சொல்லி வளர்க்கும் ஊர் அது. கணக்கில்லாமல் உதிரம் படுகிறவள் எங்கும் உட்கார மாட்டாள்; அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

சொர்ணலதா மதுரையில் மருத்துவம் படித்துவிட்டுச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெகுகாலம் இருந்தவள். கர்ப்பப்பை வாயில் புற்றை உண்டாக்கும் வைரஸைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அங்கே அவள் கைக்கு வந்த சதைத் துணுக்குகளெல்லாம் நோய் முற்றிய பெண்களுடையவை. "முடிஞ்சுபோன கதையத்தான் உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கேன் மாரி," என்று ஒருமுறை சொன்னாள். அந்த வைரஸ் யாரிடமிருந்து தானாகப் போய்விடுகிறது, யாரிடம் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது என்பதை ஆரம்பத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்றுதான் கம்பத்துக்குத் திரும்பி வந்தாள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஊர் ஊராக முகாம் போட்டுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தாள்.

மாரீஸ்வரி எட்டாவதோடு நின்றவள். சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடி நாள் முழுக்க நிற்கிறவள். பக்கத்தில் முகாம் நடந்தால் டீ போட வருவாள். ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொள்வாள். யாராவது பார்த்தால் தலை குனிந்துவிடும். அவள் கூச்சக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால் அவளை மட்டும் சொர்ணலதா உட்காரச் சொன்னதில்லை. "நீயும் ஒரு மாதிரி குடுத்துரு" என்று கேட்டபோது "அடுத்த தடவை பாப்போம்க்கா" என்றாள். தங்கைதானே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொர்ணலதா விட்டுவிட்டாள்.

அப்போதே மாரீஸ்வரிக்கு உதிரம் படத் தொடங்கியிருந்தது. சொல்லிவிடுவது என்று ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முகாமுக்குப் போனாள். அன்று சொர்ணலதா, இது கணவன் மனைவி சேர்க்கையில் தொற்றுகிற கிருமி என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

மாதிரி கொடுக்க வந்திருந்த மொக்கம்மாள் சும்மா இருப்பாளா? "அப்ப எம்புருசன் எந்தத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனாகன்னு கேக்கணுமே!"

கூட்டம் சிரித்தது. "நம்ம மாரி புருசன் காய்கறி லாரியில கேரளா வரைக்கும்ல போறாக! அங்கன என்னத்த எறக்குறாகளோ!" என்றாள் இன்னொருத்தி.

"அட, அப்படியில்லக்கா," என்றாள் சொர்ணலதா. "கல்யாணமானவுகள்ல முக்காவாசிப் பேருக்கு வந்துட்டுப் போறதுதான். என்னைக்கு வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒருத்தர் மேலயும் பழி போடாதீக."

சிரிப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை. மாரீஸ்வரி டீப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தான் வாய் திறந்தால் கணவன் ஈஸ்வரபாண்டி பெயர் ஊர் வாயில் விழும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அடுத்த வாரமே மகள் நாகஜோதியைக் கூட்டிவந்து அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போட வைத்தாள். "புத்திசாலிடி நீ," என்று அக்கா தோளில் தட்டினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. மாரீஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போனது, கால் வீங்கியது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போய்வந்தாள்.

பெரியகுளத்தில் ஒரு கல்யாணம். சொர்ணலதா காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறு மாரி," என்றாள். மாரீஸ்வரி கதவைத் திறந்தாள். பையிலிருந்து ஒரு பழைய சேலைத் துண்டை எடுத்து, நாலாக மடித்து இருக்கையில் விரித்து, அதன்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

சொர்ணலதா வண்டியை எடுக்கவில்லை.

"எத்தனை நாளாடி?"

மாரீஸ்வரி சேலைத் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"மாரி, உன்னையத்தான கேக்குறேன்."

"போன வருசத் திராட்சை வெட்டுக்கு முன்னாடியிருந்துக்கா. அவுகள ஒண்ணும் சொல்லிராத."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள் சொர்ணலதா. "ஊர்ல உள்ளவளையெல்லாம் உக்காரச் சொன்னேனே," என்றாள். கல்யாணத்துக்குப் போகாமல் வண்டியை நேரே மதுரைக்கு விட்டாள்.

இப்போது மாரீஸ்வரி கதிர்வீச்சு முடிந்து அக்கா வீட்டில் படுத்திருக்கிறாள். உதிரம் நின்றுவிட்டது. ஆனால் நோய் ஏற்கெனவே வயிற்றுக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டது. ஈஸ்வரபாண்டி லாரியை விட்டுவிட்டு உள்ளூரிலேயே வேலை பார்க்கிறான். நாகஜோதி உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போகிறாள். முகாம்கள் நடக்கின்றன, மொக்கம்மாள் வருடம் தவறாமல் வருகிறாள். இனி மருந்து கேட்குமா என்று சொர்ணலதா சொல்லவில்லை. மாரீஸ்வரியும் கேட்கவில்லை.