ஆயா வேலைக்கு நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான்

இரும்புலியூர்ல புதுசா திறந்த குழந்தைகள் காப்பகத்துல "ஆயா தேவை"ன்னு போர்டு பார்த்து இன்னைக்குக் காலையில போனேன். கைச்செலவுக்குப் பிள்ளைங்களைக் கேட்க வேண்டாமேன்னுதான். மூணு பேரப்பிள்ளைங்களை வளர்த்த கை இது, கொஞ்சம் கர்வத்தோடவே போனேன்.

மேனேஜரா இருந்த பொண்ணு என் ஆதாரைப் பார்த்தா.

"அறுபத்தொண்ணா? ஸாரிங்கம்மா, நாற்பத்தஞ்சுக்கு மேல எடுக்கிறதில்லை. குழந்தைங்க பின்னாடி உங்களால ஓட முடியாது."

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது.

"அம்மா, பாப்பா சாப்பிட்டாளா? மாடிப்படி ஏறிடப் போறா, பின்னாடியே இரு!"

போனை வச்சதும் கேட்டேன். "உங்க பாப்பாவை இங்க விடலையாம்மா?"

"ஐயோ, அவ எங்கம்மாகிட்டதான் இருப்பா. அப்பதான் எனக்கு நிம்மதி."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தி..." முடிக்கலை. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டா.

வேலை கிடைக்கலை. தனியார்ல இதைத் தட்டிக் கேட்கத் தனியா சட்டம் எதுவும் இல்லைன்னு எதிர்வீட்டு வக்கீல் தம்பி சொல்றார்.

அஞ்சாவது படிச்ச எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். சும்மா பார்த்துக்கிட்டா எந்த வயசுலயும் ஓடலாம். சம்பளம் கேட்டாத்தான் முழங்கால் தேஞ்சுபோகுமாம்.

உங்க வீட்டுக் குழந்தையை யாருங்க பார்த்துக்கிறாங்க? அவங்க வயசையும் சேர்த்துக் கீழே போடுங்க.