முதுகில் கை வைக்காதீங்க

முடி வெட்டுகிற தொழிலில் கை நடுங்கினால்கூட மன்னிப்பார்கள், சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். கத்தரி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. புத்தளத்தில் பாலாவிச் சந்திக்குக் கிட்ட கடை வைத்திருக்கும் ஒஸ்தா நான். எங்கள் ஆட்களில் முடி வெட்டுவதும் சுன்னத் செய்வதும் ஒரே ஆள்தான். சுன்னத் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. முடி, எதிரே வந்த ஏசி சலூனுக்குப் போய்விட்டது. போனவர்களின் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

மலையிலிருந்து வந்த கம்பளி

கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மேனேஜர், சிலாபத்துச் சிங்களவர், ஒருநாள் கடைக்கு வந்து உட்காராமல் நின்றார். வெள்ளைக்காரர் ஏறிப் போவதற்கு நுவரெலியாவிலிருந்து ஒரு பெண் குதிரை வாங்கியிருந்தார். மலைக் குளிருக்கு வளர்ந்த முடி கம்பளி போல உடம்பெல்லாம் கிடந்ததாம். நம்முடைய வெயிலுக்கு அது நின்ற இடத்திலேயே வியர்த்து நனைந்ததாம். மெஷின் உள்ள ஆள் யாராவது வேண்டும் என்றார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் என் கடைக் கதிரையில் இருந்து எழும்பியது நான் மட்டும்தான். ஓம் என்றேன். மெஷினும் எண்ணெய்ப் போத்தலுமாகக் கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்றபோது தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சலூனுக்கு முதலில் மாறிய ஆள் அவர்தான்.

"என்ன ஒஸ்தா, குதிரைக்கும் சுன்னத்தா? அது பொம்பளப் புள்ளையாமே."

மீசையும் முதுகும்

குதிரையின் பெயர் சூட்டி. சிங்களத்தில் சின்னவள் என்று அர்த்தம், ஆனால் அவள் முதுகு என் நெற்றிக்கு மேலே இருந்தது. அவளைக் கொண்டுவந்த குதிரைக்காரர் முத்தையா, லொறியில் ஏறும் அவசரத்தில் இரண்டே விசயம் சொன்னார். மெஷின் சத்தத்தை முதலில் தூரத்தில் வைத்துக் காட்ட வேண்டும். முதுகில் கை வைக்கக் கூடாது.

மீசையில் கை வைக்காதே என்று ஒருவர் சொன்னால், அதை வெட்டாதே என்று அர்த்தம். முப்பது வருசமாகக் கேட்ட சொல். ஆனால் முதுகு என்றதும், கூச்சமுள்ள குதிரை, தொட்டால் உதைக்கும் என்றுதான் எனக்குப் பட்டது. அதனால் இடது கையை மேலே வைக்காமல், மெஷினை மட்டும் ஓட்டி, முதுகைப் பிடரி போல மழித்து வைத்தேன். ஒரு ரோமம் மிச்சமில்லை. சூட்டி கீழுதடு தொங்க நித்திரை கொண்டாள். இத்தனை அமைதியான தலை என் கைக்கு அகப்பட்டதே இல்லை.

அடுத்த நாளே மேனேஜர் சேணம் போட்டார். மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு தோல் உரிந்திருந்தது. முத்தையாவுக்குப் போன் எடுத்தேன்.

"அய்யா, முதுகு முடிய வெட்டிராதீங்கன்னு தானே சொன்னேன். சேணத்துக்கு அடியில அதுதாங்க மெத்தை."

வெட்டாதே என்ற சொல்லை வெட்டாதே என்றே சொல்லத் தெரியாத மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உப்புத் தண்ணீர்

முதுகு ஆறினால் குதிரை இங்கே நிற்கும், ஆறாவிட்டால் விற்றுவிடுவேன் என்றார் மேனேஜர். யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. தினமும் பஸ் ஏறினேன். மிருக வைத்தியர் சொன்னபடி, உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி, மருந்து பூசி, இலையான் மொய்க்காமல் பழைய வெள்ளைச் சாரத் துணியை மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். முடி முளைக்கும்வரை சேணம் கூடாது என்று மேனேஜரோடு சண்டையும் பிடித்தேன்.

என் மனைவி மௌத்தாகி ஒன்பது வருசம். நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு மகள் குடும்பம் சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்பியது. புத்தளத்து வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் வாப்பா என்று என்னை விட்டுப் போனார்கள். அந்தப் புண்ணுக்கு உப்புத் தண்ணீர் சரிவரவில்லை. நோன்பு வந்ததும், கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தில் பாதி எனக்கு, பாதி சூட்டிக்கு என்று லாயத்திலேயே நோன்பு திறந்தேன். நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஹோட்டல் காவற்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"ஒஸ்தா, மையத்து வீட்டுல கூட ஆக்கள் இவ்வளவு நேரம் இருக்கிறல்ல."

நரை

பெருநாள் கழிந்து முடி முளைத்தது. செம்பட்டைக் குதிரைக்கு, புண் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக முளைத்தது. நானும் நரை, அவளும் நரை. அந்த வெள்ளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. சூட்டி அசையவில்லை.

அடுத்த கிழமை போனபோது முத்தையா லொறியோடு நின்றார். மலையில் சீசன் தொடங்கப் போகிறதாம், அவருடைய முதலாளி குதிரையைத் திருப்பி வாங்கிவிட்டாராம். ஆறினால் நிற்கும் என்றீர்களே என்று மேனேஜரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் லொறிக் கதவின் கொக்கியை மாட்டினார்.

"புண்ணோட நிண்டப்ப ஒருத்தரும் கேக்கல்ல ஒஸ்தா. நீங்க ஆத்தினபடியாத்தானே ஆள் வந்த."

இனி யாருடைய முதுகு என்னிடம் வந்தாலும், கொஞ்சம் சுணக்கி, நாள் கடத்தித்தான் ஆற்றுவேன்.