ஆடுகளத்தில் நின்ற பந்தக்கால்

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் தருமபுரியில் நடந்த கபடிப் போட்டிக்குப் பந்தல் போட்டவளும் நானே. கல்யாண வீடுகளில் பந்தல் போட்ட பழக்கத்தில், யாரையும் கேட்காமல் மைதானத்தின் நட்டநடுவில் மஞ்சள் துணி கட்டிய பந்தக்காலை ஊன்றிவிட்டேன்.

கோடு போட வந்த நடுவர் பதறினார். "ஆத்தா, ஆடுற எடத்துல நட்டிருக்கீங்களே! புடுங்குங்க."

"விசேஷம் முடியாம புடுங்குனா அபசகுனம், அப்புறம் எந்த வூட்டுலயும் என்னைக் கூப்புட மாட்டாங்க," என்றேன்.

வெளியூர் ஆட்டக்காரர் ஒருவர் சிரித்தார். "வுடுங்க சார், எதிரணிக்கு எட்டாவது ஆளா நிக்கட்டும்."

நடுவரும் விட்டுக்கொடுத்தார். கபடி பாடிப் போன முதல் தடவையே அதில் மோதி அவர் நெற்றி புடைத்தது. "ஆத்தா, உங்க ஆளு நல்லா புடிக்கறாருங்க!"

என் வீறாப்பு அங்கேயே கரைந்தது. பந்தக்காலை நானே பிடுங்கினேன்.

பின்னாளில் தன் கல்யாணத்துக்கும் பந்தல் போட அந்த ஆட்டக்காரர் என்னைத்தான் கூப்பிட்டார். எங்கே நடுவதென்று கேட்டுவிட்டே நட்டேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதைப் படித்துக் காட்டு கண்ணு. நான் வீறாப்பை விட்டுப் பந்தக்காலைப் பிடுங்கிய இடத்தை மட்டும் மெதுவாகவே படி.