டீச்சரின் கல்யாணப் பத்திரிகை

மஞ்சள் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயிலோ சமையலோ நினைவுக்கு வரும். எனக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவிக் காய்ந்த மஞ்சள், வியர்த்த விரலில் ஒட்டிப் பென்சில் தூளோடு கலந்தால் வருமே, அந்த வாசனை. ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க என் கட்டைவிரல் மஞ்சளாகவே இருந்தது.

எனக்கு எழுத்து தெரியும், வரிதான் நிற்காது. ஒரு வரியைப் படிக்க ஆரம்பித்தால் கீழ் வரி மேலே ஏறி வரும், பாதியில் வேறெங்கோ போய்விடுவேன், திரும்பி வந்தால் தொடங்கிய இடம் கிடைக்காது. கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். அதனால் பள்ளியில் 'மக்கு' என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாயால் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற பெண் எப்படி மக்காக இருப்பாள் என்று சம்பளம் வாங்கிய ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு முறை ஃபெயிலாகி, அதே ஆறாம் வகுப்பில் இரண்டாவது வருடம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு அரியாங்குப்பத்தில் சைக்கிள் கடை. "இந்த வாட்டியும் போச்சின்னா தவளக்குப்பம் டெய்லர் கடைல ஒக்கார வச்சிடுவேன், சட்டைக்கு பட்டன் காஜா எடுத்துக்கினு கெட" என்றார். வெறும் மிரட்டல் என்று நினைத்தேன். டெய்லரிடம் பேசியே வைத்திருந்தார்.

அந்த வருடம்தான் 'ஸ்பெஷல் டீச்சர்' வந்தார். புதிதாகக் கல்யாணமான சின்ன வயதுக்காரர், ஒப்பந்த வேலை, ஆறு பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான். எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். டவுனில் இருந்த எங்கள் பெரிய பள்ளியில் அவருக்குக் கொடுத்த இடம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. அவரிடம் போனது நாலு பேர். நாலு பேருக்கும் நாலு விதம். நாலாம் வகுப்பு அந்தோணிக்கு எழுத்தைக் கண்ணால் பார்த்தால் மனதில் நிற்காது, விரலால் தடவினால் நிற்கும். அவனுக்கு உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். என்னை இரண்டு வாரம் படிக்கச் சொல்லி, ஒன்றும் திருத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீ மக்கு இல்லடி. ஒனக்கு வரி ஓடிப்போவுது, புடிச்சி வெக்கணும், அவ்ளோதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை தன் கல்யாணத்துக்கு அடித்து, மஞ்சள் தடவி, கொடுக்காமல் மீந்துபோன பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். ஒன்றை எடுத்து நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும் அகலத்துக்கு பிளேடால் வெட்டினார். அதற்கு 'ஜன்னல்' என்று பெயர். அதைப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு வரிதான் தெரியும், மற்ற வரிகள் வாயை மூடிக்கொண்டு இருக்கும். முதல்முறையாக ஒரு பக்கத்தை அதன் கடைசி வரிவரை படித்தேன். பக்கத்து பெஞ்சு மகேஸ்வரி, "இன்னாடி, தெனம் பத்திரிகையோட வர, எப்போ கல்யாணம்?" என்று கேட்டுச் சிரிப்பாள். "ஒனக்குச் சாப்பாடு கெடையாது போ" என்பேன்.

முழுப் பரீட்சையில் மற்ற பாடங்களையெல்லாம் ஜன்னலோடு எழுதினேன். கடைசி நாள் சமூக அறிவியல். வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு சார் காவல் நின்றார். வினாத்தாள் கொடுத்ததும் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாது இது, பிட்டா?"

"இல்ல சார், ஜன்னல்."

"ஜன்னல் அதோ இருக்குது பாரு" என்றார். வகுப்பே சிரித்தது. பத்திரிகையைத் திருப்பி மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபத்தின் பெயரெல்லாம் சத்தமாகப் படித்தார், அதில் பாடம் எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது, இருந்தும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வினாத்தாளில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பாதி நேரம் டெய்லர் கடையை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கோபம் வந்தது. வினாத்தாளை எடுத்து, அம்மா புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல ஒவ்வொரு வரியாக மடித்தேன். ஒரு மடிப்பைப் பிரித்தால் ஒரு வரி. அதைப் படித்து எழுதிவிட்டு அடுத்ததைப் பிரித்தேன். பாதிக் கேள்விக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மீதிக்கும் எனக்குப் பதில் தெரியும். முப்பத்தெட்டு மார்க் வந்தது, பாஸ்.

ஜூனில் அப்பாவோடு பள்ளிக்குப் போனபோது ஸ்பெஷல் டீச்சரும் தலைமை ஆசிரியை அறையில் நின்றுகொண்டிருந்தார். தலைமை ஆசிரியையை வாட்ச்மேன் முதல் எல்லோரும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் 'மதாம்' என்றுதான் சொல்வோம். பரீட்சையில் அட்டையைப் பிடுங்கக் கூடாது, மாடிப்படிக்குக் கீழே வேண்டாம், ஒரு சின்ன அறை கொடுங்கள் என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். மதாம் என் தோளில் கை வைத்து, "இதோ, அட்டை இல்லாமலே பாஸ் பண்ணிட்டாளே! அப்பறம் இதெல்லாம் எதுக்குமா? கிளாஸ் நேரத்துல புள்ளைங்கள வெளில அனுப்பறதுதான் மிச்சம்" என்றார். அப்பா பூரித்துப்போய்ச் சிரித்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். பாதிதான் எழுதினேன் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். டெய்லர் கடையிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் வாயைத் திறக்கவில்லை. அதோடு செவ்வாயும் வெள்ளியும் நின்றுபோயின. அடுத்த வருடம் அந்தோணி பள்ளியில் இல்லை.

இப்போது உழவர்கரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். செய்தித்தாளைக் கொசுவம் வைத்துத்தான் படிக்கிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கல்யாணப் பத்திரிகைகள் போனில் வருகின்றன. வெட்டுவதற்கு அட்டை இல்லை. ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போனபோது மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன, அவற்றுக்கு மேலே 'எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி' என்று ஒரு போர்டு.

போன மாதம் ஒருவர் தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தார். டப்பாக்களைக் காட்டி, "எது காலைல, எது ராத்திரில? படிச்சிச் சொல்லுங்க, எனக்கு அவ்ளோவா வராது" என்றார். பில்லுக்கு அவர் பெயரைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன், அந்தோணி. பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு துண்டு உப்புத்தாள் வாங்கிவந்து ராத்திரி மாத்திரை டப்பாவில் ஒட்டிக் கொடுத்தேன். அவன் கட்டைவிரலால் அதை மேலும் கீழும் தடவினான். ரொம்ப நேரம் தடவினான்.

"டீச்சர் இப்போ எங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை.