போஸ்டரில் சிரித்தவள்

அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிய அந்தப் பயணிகள் படகில் கயிறு பிடிப்பவளை எல்லோரும் கயித்தக்கா என்றே கூப்பிட்டார்கள். படகு துறையை நெருங்கும்போது கயிற்றைக் கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்டி இறுக்குவாள், கிளம்பும்போது அவிழ்ப்பாள். அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கயிற்றைப் பிடிக்கலாம், இழுக்கலாம், கையில் மட்டும் சுற்றக் கூடாது. படகு ஓரடி நகர்ந்தால் போதும், சுற்றிய கயிறு விரலை விடாது. புதிதாக வந்தவன் எவனாவது சுற்றினால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். புறங்கையில் பளாரென்று ஒன்று வைப்பாள். வாங்கியவன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

அவள் கண்ணெல்லாம் மேலே, சுக்கான் அறையில். "அண்ணாந்து பாத்தே உனக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்பார் கேப்டன். வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு புருஷன் கேட்பான்: "நீ கேப்டன் ஆயிட்டா நான் யாருடி? கேப்டன் பொண்டாட்டியா?" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கேப்டன்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது, அடுத்து ஓட்ட ஆளில்லை. கம்பெனி விழித்துக்கொண்டு, கப்பல் பள்ளியில் ஆட்களைப் படிக்க வைக்க ஸ்காலர்ஷிப் அறிவித்தது. சொந்த ஊழியருக்கு ஒரு சீட்டு. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதி, அதை வாங்கியே விட்டாள். உடம்பைச் சோதிப்பது ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் ஸ்காலர்ஷிப்புக்கு நன்கொடை திரட்டும் அதிகாரி கேமராக்காரனோடு வந்து நின்றார். போஸ்டர் போட வேண்டுமாம். கட்டிக் கிடந்த படகில் அவளை நிறுத்தி, தூணில் மாட்டியிருந்த கயிற்றையே கையில் கொடுத்தார்கள்.

"சும்மா பிடிச்சா எடுப்பா இல்லக்கா. கையில ரெண்டு சுத்து சுத்துங்க" என்றான் கேமராக்காரன்.

"சுத்தக் கூடாதுங்க."

"படகுதான் நிக்குதே!"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, காசு குடுக்கிறவங்க பாக்கப் போற படம். உன் சீட்டுக்கும் அவங்கதான் கட்டணும். ஒரே ஒரு போட்டோ."

சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எத்தனை பேர் புறங்கையைச் சிவக்க வைத்தவள்! அவளே இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துச் சரக்குப் படகொன்று அந்தப் பக்கம் போனது. அதன் அலை வந்து தட்டியது. படகு ஓரடி நகர்ந்தது.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

உடல் தகுதி இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். சீட்டு வேறொருவருக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த அதிகாரி, "விதி அப்படிம்மா, நான் என்ன பண்றது?" என்றார். போகும்போது வாசலில் நின்று, "ஆனா போட்டோ பிரமாதமா வந்திருக்கு" என்றார். அடப்பாவி, அதையும் சொல்ல உனக்கு வாய் வந்ததே!

போஸ்டர் துறையெங்கும் ஏறியது, பணம் கொட்டியது. கயித்தக்காவை டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். நேர் எதிரே சுவரில் அவளே, ஐந்து விரலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் படத்த எடுக்கச் சொல்லேன்" என்றான் புருஷன். சொன்னாள். அது நன்றாக வசூல் பண்ணுகிறது என்று பதில் வந்தது.

ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஒருநாள் படகு பழக வந்தார்கள். அதில் ஒரு பெண், தூணில் மாட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். போஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். அதே மாதிரி இரண்டு சுற்று சுற்றி, அதே மாதிரி சிரித்தாள். தோழி செல்போனைத் தூக்கினாள். படகின் இன்ஜின் உறுமியது.

கயித்தக்கா கவுன்டரைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள். புறங்கையில் பளாரென்று ஒன்று. பெண் அலறிக் கையை உதறினாள். கயிறு நழுவி விழுந்ததும் படகு விலகியது. கயிறு கம்பியாய் விறைத்தது.

அன்று சாயங்காலமே அதிகாரியின் அறையில் விசாரணை.

"உன்ன மாதிரிதானேம்மா நின்னா? போஸ்டர்ல நீயே அப்படித்தானே நிக்கிற? அதுக்குப் போய் அடிப்பியா?"

"விரல் போயிருக்கும் சார்."

"போகலையே! சீட்டு கிடைக்காத வயித்தெரிச்சல படிக்க வந்த பொண்ணு மேல காட்டுறியா? நாளையிலேர்ந்து வராத. சாவிய வச்சிட்டுப் போ." பெண்ணின் பக்கம் திரும்பினார். "எங்க அடிச்சாங்கம்மா, காட்டு."

பெண் விசும்பிக்கொண்டே வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். புறங்கை சிவந்திருந்தது. கயித்தக்கா குனிந்து பார்த்தாள். ஐந்தும் இருந்தன. இடது கையால் கவுன்டர் சாவியை எடுத்து அந்தக் கையின் பக்கத்தில் வைத்தாள்.