செத்தவர்களுக்குப் புதன்கிழமை

நான் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. துக்க வீட்டில் பாடுகிற பாட்டு. குடத்தோடு தண்ணீருக்கு நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"யாருக்கா செத்தது?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்குத்தான்டி பாடுறாங்க. ஒனக்கே தெரியாதா?"

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது அப்பா அந்தச் சபையில் சேர்ந்து குடியை விட்டார். அதனால் குடும்பமே சேர்ந்தது. பெரிய கோயில்களோடு ஒட்டாத சின்னச் சபை. போதகர் அதற்கு முன்னால் அட்டனில் தையல்கடை வைத்திருந்தவர். வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார்.

சபையின் பதிவெல்லாம் ஒரு பழைய செக்ரோலில் இருந்தது. தோட்டத்து ஆபீசில் ஆட்களின் வேலைநாளையும் பறித்த கொழுந்தின் எடையை றாத்தலிலும் பதிகிற பெரிய புத்தகம் அது. ஆபீசில் வேண்டாமென்று போட்டதைப் போதகர் வாங்கிவந்து ஆத்துமாக்களை எழுதத் தொடங்கியிருந்தார். பெயர் போடுகிற இடத்தில் பெயர், வேலைநாள் போடுகிற இடத்தில் பிறந்த நாளும் ஞானஸ்நானமும். றாத்தல் என்று அச்சடித்திருந்த இடத்தில் பாவங்களை எழுதினார்.

நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவரை மாரியம்மன் கோயிலில் வைத்துக் கல்யாணம் கட்டிக்கொண்டேன். சபையை விட்டுப் போனவர்கள் செத்தவர்கள் என்பது சட்டம். செத்தவர்களோடு சபையார் பேசக்கூடாது. அப்பா அதற்கு முன்னாலேயே நிஜமாகச் செத்துப்போயிருந்தார். அம்மா மட்டும் சபையில் இருந்தாள். எங்கள் வீடு மேல் லயம், அம்மாவின் வீடு அடுத்த லயம். இரண்டுக்கும் நடுவில் அவளுடைய ஆடு கட்டியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த ஆட்டிடம் சொன்னாள்.

"கொழம்பு வெச்சிருக்கேன். வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கட்டும், என்னா?" என்பாள் ஆட்டைப் பார்த்து.

"எனக்கு வேணாம்னு சொல்லு. நேத்து கொழம்பே இருக்கு" என்று நானும் ஆட்டிடம் சொல்வேன்.

"திமிரு" என்பாள் ஆட்டைப் பார்த்து. பார்க்கிறவர்களுக்கு அந்த ஆட்டின் மேல் பரிதாபமாக இருந்திருக்கும்.

தோட்டங்கள் அப்போது அரசாங்கத்தின் கையில். அடுத்த வருடம் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், ஒரு ஆயா வேலை காலியானது. எனக்கு அந்த வேலை மேல் ஆசை. வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். என் பிறப்பை யாரும் பதியவில்லை. பழைய காகிதம் ஏதாவது கொண்டுவந்தால் அரசாங்க அலுவலகமான நுவரெலியா கச்சேரியில் உத்தேச வயதுச் சான்றிதழ் தருவார்கள் என்று ஆபீஸ் கிளாக்கர் சொன்னார். தோட்டத்து மருந்துக்காரர் பிறப்புகளை எழுதும் புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. உலகத்தில் நான் பிறந்ததை எழுதிவைத்திருந்த ஒரே இடம் போதகரின் செக்ரோல்தான்.

போய் நின்றேன். போதகர் என்னைக் கண்டதும் எழுந்தார். செத்தவளிடம் பேசக்கூடாது, வந்தவளைத் துரத்தவும் அவருக்கு மனமில்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார்.

"ஆண்டவரே, செத்தவங்க கையில பதிவு குடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, அது என்னோட பொறப்புன்னு பாஸ்டரய்யாவுக்குச் சொல்லுங்க."

"ஆண்டவரே, சபையில சேந்த அன்னைக்கே அதெல்லாம் சபைக்குச் சொந்தமாயிருச்சு."

"ஆண்டவரே, சபையில சேர்றதுக்கு முன்னாடியே நான் பொறந்துட்டேன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி பழக்கத்தில் "ஆமென்" என்றாள். போதகர் அதைக் கேட்டுக் கொஞ்சம் தடுமாறிப்போனார் என்று நினைக்கிறேன்.

"ஆண்டவரே, செத்தவங்களோட சொந்தக்காரங்க யாராவது, சபையில உள்ளவங்க, வந்து கேட்டா எழுதிக் குடுக்கலாம்" என்று முடித்தார்.

ஆட்டிடம் சொன்னேன். அம்மா மறுபேச்சில்லாமல் கறுப்புக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன மகளுக்காகப் போய்க் கேட்டாள். வாங்கிவந்த தாளை ஆடு கட்டும் முளையின் பக்கத்தில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அழகான கையெழுத்து. என் பெயர், அப்பா பெயர், பிறந்த நாள் எல்லாம் இருந்தது. அதோடு நிற்கவில்லை. செக்ரோலில் என் வரியை ஒரு எழுத்து விடாமல் போதகர் பார்த்து எழுதியிருந்தார். "றாத்தல்: பிடிவாத ஆவி. மூன்று தரம் துரத்தியும் போகவில்லை. படுக்கையை நனைக்கும்." கடைசியில் "மரித்தாள்" என்று போட்டு, நான் துணி அலசிய ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் படுக்கையை நனைக்கிறவள் என்ற அத்தாட்சியோடு எப்படிப் போவது? மறுபடி போதகரிடம் போய்க் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, அந்தப் பழக்கமெல்லாம் சின்னதுலயே நின்னுபோச்சு. அதையாவது திருத்தச் சொல்லுங்க."

"ஆண்டவரே, நின்னதுக்கு யாரு சாட்சி?"

சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர் சபையில் இல்லை. அதனால் அது செல்லாது. அந்தப் பாவம் என்னுடையதுதானே, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுப்பார்த்தேன். மன்னிக்கப்பட்ட பாவம் செய்தவருக்குச் சொந்தமில்லை, மன்னித்த இடத்துக்குத்தான் சொந்தம் என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். பெற்றவளும் வந்து கைநாட்டு வைக்க வேண்டுமாம். பஸ்ஸில் அம்மா எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஆடு இல்லாததால் கண்டக்டரிடம் பேசினாள். "தம்பி, பின்னுக்கு இருக்கற பொம்பளை காலையில ஒண்ணும் சாப்புடல. தலை சுத்தும். சன்னலைத் தொறக்கச் சொல்லுங்க." கண்டக்டர் என்னைப் பார்த்தான். நான் சன்னலைத் திறந்தேன்.

கச்சேரியில் இருந்தவர் ஒரு சிங்கள அதிகாரி. மாத்தயா என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழ் நன்றாகத் தெரியும். தாளை வாங்கி நிதானமாக வாசித்தார். றாத்தலில் கொஞ்ச நேரம் நின்றார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பிள்ளை யாரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எம்மகதாங்க, மாத்தயா."

"அப்ப இதுல செத்தது யாரு?"

"அதுவும் இவதாங்க."

"எப்ப?"

"போன வருசம். பாட்டெல்லாம் பாடித்தான் முடிச்சோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றது?"

"நான் உசுரோடதான் இருக்கேன், மாத்தயா."

"அது எனக்குத் தெரியுது. கடதாசிக்குத் தெரியாதே" என்றார்.

நல்ல மனிதர். கோபப்படவே இல்லை. செத்தவருக்கு வயதுச் சான்றிதழ் எழுதினால், அதைச் செத்தவர் கையில் கொடுக்க முடியாது. உயிரோடு இருப்பவருக்கு எழுதினால், செத்தவருடைய காகிதத்தை வைத்து எழுத முடியாது. செத்ததாக எழுதியவரே அதற்கு ஒரு விளக்கம் எழுதட்டும் என்று தாளைத் திருப்பித் தந்தார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை கூடியது. நான் வெளியே சன்னலோரம் நின்றேன். "மரித்தாள்" என்பதை அடித்தால் நான் சபைக்குத் திரும்பிவிட்டதாக ஆகும், அது பொய் என்றார் போதகர். அடிக்காவிட்டாலும் பொய்தான் என்றார் ஃபெக்டரியில் காவல் பார்க்கிற வாச்சர்.

"பாஸ்டரய்யா, இவ பீலியில எம்பொஞ்சாதியோட சண்டை போடுறா. நேத்துகூட போட்டா. செத்தவ எப்படிங்க வாளியத் தூக்கி அடிப்பா?"

வாளியை நான் அடிக்கவில்லை, வைத்தேன், அது உருண்டது. சன்னலோரம் நின்று அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் போதகர் செக்ரோலை விரித்து, "மரித்தாள்" என்பதற்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் எழுதினார். "சபைக்கு மரித்தாள். தோட்டத்தில் நடமாடுகிறாள்." அதையே புதிய தாளில் எழுதி சபையின் முத்திரையைக் குத்தி அம்மாவிடம் கொடுத்தார்.

கச்சேரி மாத்தயா அதை இரண்டு தரம் வாசித்தார். "நடமாடுறது" என்று மெல்லச் சொல்லிப்பார்த்தார். பிறகு "அது போதும்" என்று தன் முத்திரையையும் குத்தினார். எனக்கு வயது கிடைத்தது. பிள்ளைக்காம்பராவில் வேலையும் கிடைத்தது.

செய்தி பரவிவிட்டது. சபையை விட்டுப் போனவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஒருவருக்கு இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா போகிற காகிதத்துக்கு, இன்னொருவருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க. பூண்டுலோயாவில் கல்யாணம் கட்டிப் போனவள் ஒருத்தி, தன் பாவம் என்னவென்று எழுதியிருக்கிறது, அதைப் பார்த்தால் போதும் என்று வந்தாள். எல்லோரும் போதகர் வீட்டு முன்னால் கண்ணை மூடி நின்று ஆண்டவரிடம் கத்தினார்கள். தொல்லை தாங்காமல் போதகர் கூடத்தின் கதவில் ஒரு அட்டை மாட்டினார். "உயிருள்ளவர்கள்: ஞாயிறு. மரித்தவர்கள்: புதன்." புதன்கிழமைகளில் அவருடைய மனைவி செத்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

எண்பதுகளில் போதகரின் குடும்பத்துக்கும் இந்தியா போகத் தேதி வந்தது. அவ்வளவு பெரிய செக்ரோலைக் கப்பலில் கொண்டுபோகவும் முடியாது, எரிக்கவும் அவருக்குப் பயம். கடைசிப் புதன்கிழமை பிளேடை எடுத்துப் பக்கத்தைப் பக்கமாக அறுத்து, வரி வரியாக வெட்டி, அவரவரிடம் கொடுத்தார். என்னுடையதும் வந்தது, ஒரு விரல் அகலத்தில்.

சபையார் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்கு?" என்று வாச்சர் கேட்டார்.

"உயிரோட இருக்கறவங்களது சபைக்குச் சொந்தம்" என்றார் போதகர்.

"சபையே கப்பலேறுதே, ஐயா!"

அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப நான் வெலகிக்கிறேன்" என்று வாச்சர் சொல்லிவிட்டு உள்ளே வந்து எங்கள் வரிசையில் நின்றார். போதகர் "மரித்தார்" என்று எழுதி, மை காய ஊதி, வரியை வெட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வேலியைத் தாண்டி வந்து செத்தார்கள். அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சபை முழுவதும் செத்துவிட்டது.

அம்மாவும் செத்தாள். தன் வரியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே. என்னா எழுதியிருக்குன்னு பாருடி" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

வாங்கிப் பார்த்தேன். பெயர் இருந்தது. பிறந்த நாள் தெரியாது என்று இருந்தது. "மரித்தாள்" புது மையில் பளபளத்தது. றாத்தலுக்கு நேரே ஒன்றுமில்லை. வெறும் காகிதம்.

"பாவம் ஒண்ணும் எழுதலம்மா. சுத்தமா இருக்கு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நான் சொன்னேனே" என்றாள். "பாஸ்டரய்யாகிட்ட அவ்வளவு அழுது அழுது சொன்னேனே. எழுதவே இல்லையா?"

என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போதகர் இன்னும் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்பிப்போய், வரிசையின் கடைசியில் மறுபடி நின்றாள்.