மூச்சை அடக்கிய பரோட்டா மாஸ்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் ‘கரண்டு வைக்கிற சிஸ்டர்’. அந்தக் கரண்டு மெஷினும் நான் சேர்ந்த வாரமே புகைந்து படுத்துவிட்டது. மிச்சமிருந்ததெல்லாம் நானே செய்த சாமான்கள்: பழைய காக்கித் துணியில் தைத்த மணல் பைகள், கட்டில் காலில் கட்டிய சைக்கிள் டியூப்.

ஒரு ஆடி மாதம், பரோட்டா மாஸ்டர் முத்துக்கருப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“கரண்டு வைங்க சிஸ்டர். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கல்லு முன்னால நிக்கலைன்னா வேற மாஸ்டரைப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“கரண்டெல்லாம் வேணாம்ணே. வயித்துத் தசை பலமானா இடுப்பு தானா நிக்கும்” என்று டியூப்பைக் காட்டினேன்.

“இதுக்கா பஸ் ஏறி வந்தேன்? எங்க தெருவுல பஞ்சர் கடையே இருக்கு!”

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றை இறுக்கி, தலைக்குப் பின்னாலிருந்து டியூப்பை இழுத்துப் பிடித்தபடி மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். வீட்டிலும் தினமும் செய்யச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். “இடுப்பு அப்படியேதேன் இருக்கு. இப்ப தலையும் சேந்து கிறுகிறுங்குது.”

“நீங்க ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டீங்க” என்று கடிந்துகொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“செஞ்சு காட்டுறேன், பாருங்க” என்று படுத்து இழுத்தார். முகம் தக்காளியாய்ச் சிவந்தது. மூச்சே இல்லை.

“மூச்ச விடுங்கண்ணே!”

“விட்டா வயிறும் போயிருமே சிஸ்டர்!”

பத்து எண்ணச் சொன்னவள் மூச்சு விடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, திட்டு அவருக்கு. வெட்கமாகப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்துக் கேட்டேன்: “கடையில சப்ளையர் கேக்குறத நீங்க திருப்பிக் கத்துவீங்கள்ல? அதக் கத்திக்கிட்டே இழுங்க.”

“ரெண்டு சாதா! ஒரு கொத்து! சால்னா தூக்கலா!”

வார்டே திரும்பிப் பார்த்தது. கத்துகிறவர் மூச்சை அடக்க முடியாதே! வயிறும் இறுகியே நின்றது. தினமும் வந்து செய்யச் சொன்னேன். மறுநாளிலிருந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்த வாத்தியார் ஒருவர் படுக்கையிலிருந்தே ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார். “மாஸ்டர், எனக்கு ஒரு வீச்சு!” அவர் கேட்கக் கேட்க இவர் இழுப்பார். வார்டில் சிரிப்பு அடங்க அரை மணி நேரமாகும்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாள். சாயங்காலம் கடைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கல்லுக்கு முன்னால் முத்துக்கருப்பன்தான் நின்றார். என்னைப் பார்த்ததும் குரல் இன்னும் உயர்ந்தது.

“சிஸ்டருக்கு ரெண்டு சாதா! கரண்டு இல்லாம!”

சந்தோஷத்தில் நாலு பரோட்டா சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ரிட்டயராகும்வரை எந்த நோயாளியையும் நான் பத்து எண்ணச் சொன்னதில்லை. “என்ன வேலை பாக்குறீங்க?” என்றுதான் முதலில் கேட்பேன். பஸ் கண்டக்டராக இருந்தால், ஸ்டாப்பிங் பெயர்களைக் கூவிக்கொண்டே டியூப்பை இழுக்கச் சொல்வேன். பரவை ஸ்டாப்பிங் வருவதற்குள் மூச்சு சீராகிவிடும்.